கொப்புளிச்சுத் துப்புன தண்ணி

போன மகளிர் தினத்துக்கு எங்க ஆபீஸ்ல கேக்கு வெட்டினாங்க. ஒரு பெரிய மனுஷன் மைக்கைப் புடிச்சிக்கினு, "பொண்ணுங்க வெளையாட்டுல முன்னேறணும், மனசு வச்சா எதையும் சாதிக்கலாம், தைரியம் ஒண்ணுதான் வேணும்"னு அளந்துகினே இருந்தாரு. எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. தைரியமாமே! எங்ககிட்ட தைரியத்துக்கு இன்னா கொறச்சல்? எழுந்து நாலு வார்த்தை கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பக்கத்து சீட்டு அக்கா என் கையப் புடிச்சு அழுத்திட்டாங்க. கேக்கைத் தின்னுட்டு வேலையப் பாக்க வந்துட்டேன். அன்னிக்கு வாய்க்குள்ள போட்டு முழுங்கினதத்தான் இப்ப எழுதறேன்.

நான் படிச்சது தண்டையார்பேட்டையில, பொண்ணுங்க மட்டும் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். முன்னாடி ஹைரோடு, துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரிங்க ஒண்ணு வாலை ஒண்ணு புடிச்சிக்கினு நிக்கும். பின்னாடி காம்பவுண்டு சுவரு, சுவத்துக்கு அந்தாண்ட கூட்ஸ் லைனு. நடுவுல மண் கிரவுண்டு. ஆபீஸ் ரூம் சுவத்துல ஒரு போர்டு இருக்கும். ஆடல், பாடல், ஓவியம், யோகா, சாரணர் இயக்கம், விளையாட்டுன்னு வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு பூ வரைஞ்சிருக்கும். பாட்டு மிஸ் கல்யாணம் ஆகிப் போனதோட பாட்டு போச்சு. யோகா, யாராச்சும் பெரிய ஆளு வர்ற வாரத்துல மட்டும் நடக்கும். பி.டி. பீரியடை கணக்கு மிஸ் கேட்டு வாங்கிப்பாங்க, திருப்பிக் குடுத்ததா சரித்திரமே கெடையாது. உருப்படியா நடந்தது கோ-கோ ஒண்ணுதான். ஏன்னா அதுக்குப் பந்து வேணாம், வலை வேணாம், பேட்டு வேணாம். ரெண்டு கம்பத்த நட்டுட்டா ஓடுறதுக்கு எங்க காலு கீது. ஸ்கூலுக்கு நயா பைசா செலவில்ல.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல ஒரு கோடு. அந்தக் கோட்டுல எட்டுப் பேரு மாத்தி மாத்தி எதிர்ப்பக்கம் பாத்து குத்துக்கால் போட்டு ஒக்காந்திருப்போம். ஒருத்தி எதிர் டீம்காரிய தொரத்துவா. முடியலன்னா ஒக்காந்திருக்கறவ முதுகத் தட்டி "கோ"ன்னு கத்துவா, இவ எழுந்து தொரத்தணும். தப்பிச்சு ஓடுறவ எங்க நடுவுல பூந்து பூந்து போலாம். தொரத்துறவ கோட்டத் தாண்டக் கூடாது. அவ்ளோதான் ஆட்டம். மாட்டாம எவ்ளோ நேரம் ஓடுறியோ, அவ்ளோ நல்லது.

எங்க கேப்டன மாட்ட வைக்க ஒருத்தியாலயும் முடியாது. கொருக்குப்பேட்டைக்காரி. ஒல்லியா, கறுப்பா, முழங்காலுக்குக் கீழ மட்டும் ஒட்டகம் மாதிரி நீளமா இருப்பா. கம்பத்துக்கிட்ட வந்து இந்தப் பக்கம் போற மாதிரி தோளக் காட்டிட்டு அந்தப் பக்கம் போயிடுவா. தொரத்துனவ மண்ணைக் கவ்விக்கினு கெடப்பா. இவ திரும்பிப் பாத்து, "இன்னா, கோயிலுக்கு அங்கப்பிரதட்சணமா?"ம்பா. எதிர் டீம்காரிக்கே சிரிப்பு வந்துடும். நானும் அவளும் ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்சு.

அவ அம்மா காசிமேட்டுல எறா உரிக்கிற எடத்துல வேலை. விடியக்காத்தால போயி, ஐஸ்ல கைய வுட்டு வுட்டு வெரலெல்லாம் வெள்ளையா வெந்து போயிருக்கும். அப்பா இல்ல. அக்காவப் பத்தாவதோட நிறுத்தி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்க அனுப்பிட்டாங்க. நாங்க பத்தாவது வந்ததும் இவகிட்டயும் அம்மா சொல்லிட்டாங்க: "ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலு ஹாஸ்டலுன்றியே, அதுல எடம் கெடச்சா போய்ப் படி. சோறு தண்ணி அவன் பாத்துப்பான். கெடைக்கலன்னா அக்காகூட கம்பெனிக்குப் போயிடு. என்னால முடியல கண்ணு." அந்த அம்மாவக் குத்தம் சொல்ல யாருக்கும் வாய் கெடையாது. ஆக, கேப்டனுக்கு அந்த வருஷ மேட்சுதான் எல்லாமே. அவ ஓடுறத செலக்‌ஷன்காரங்க பாக்கணும், பாத்துக் கூப்புடணும். இல்லாட்டி தையல் மிஷினு.

இப்ப பாத்ரூம் கதைக்கு வர்றேன். மூஞ்சை சுளிக்கிறவங்க இங்கயே எறங்கிக்கலாம்.

கிரவுண்டு மூலையில, கூட்ஸ் லைன் சுவத்த ஒட்டி, வரிசையா கட்டி வுட்டிருந்தாங்க. கதவு இருக்கும், தாப்பா இருக்காது. கொழாய் இருக்கும், தண்ணி வராது. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய கதவைப் புடிச்சிக்கினு நிக்கணும். மோட்டாரு எரிஞ்சு போயி எத்தினி நாளாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவ்ளோ பெரிய ஸ்கூலுக்கு ஒரே ஆயா. பாவம், அவங்க ஒத்தை ஆளு, கிளாஸ் பெருக்குவாங்களா, பெல் அடிப்பாங்களா, டீ வாங்குவாங்களா, இதக் கழுவுவாங்களா? அதனால ஹெச்.எம். ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. மத்தியான சாப்பாட்டு பெல்லோட பாத்ரூம பூட்டிடுறது. தொறந்திருந்தாத்தானே அசிங்கமாவும்? பூட்டிட்டா சுத்தமா இருக்கும். இன்னா மூளை பாருங்க!

கேட்டா, "பொண்ணுங்க உள்ள போயி கூட்டம் போட்டுப் பேசுறாங்க, கண்டதைப் போட்டு அடைக்கிறாங்க"ம்பாங்க. ஒரு நாள் ஒன்பதாவதுல ஒருத்தி அழுதுகினே போய் சாவி கேட்டா. ஹெச்.எம். கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, பொறுமையா சொன்னாங்க: "பொம்பளப் பிள்ளைன்னா கொஞ்சம் அடக்கிக்கப் பழகணும்மா. நாளைக்குப் போற இடத்துல என்ன பண்ணுவ?" அவங்க பின்னாடி சுவத்துல ஒரு ஆணி, அந்த ஆணியில டீச்சருங்க பாத்ரூம் சாவி தொங்கிக்கினு இருந்துச்சு. அந்த ரூம்ல டைல்ஸ் உண்டு, வாளி உண்டு, சோப்பு உண்டு. சொல்றவங்களுக்கு அடக்கிக்க வேண்டிய அவசியமே இல்ல, சொல்றது மட்டும் எங்களுக்கு. எழுதறப்பவே எனக்குப் பல்லு நறநறன்னுது.

நாங்க இன்னா பண்ணோம்? போறதுக்கு எடமில்லன்னா, குடிக்கிறத நிறுத்து. யாரும் சொல்லித் தரல, ஆறாவது சேந்த மறு மாசமே எல்லாரும் கத்துக்குவோம். காலையில பாதி டம்ளர் காப்பி. அதோட சாயங்காலம்தான். பாட்டிலு நெறைய தண்ணி எடுத்துகினு போவோம், நெறைய தண்ணியோட திரும்பி வருவோம். "தூக்கினு போயி தூக்கினு வர்றதுக்கு உனக்கு எதுக்குடி பாட்டிலு, அது இன்னா கொழந்தையா?"ன்னு எங்கம்மா கத்தும். கிளாஸ்ல பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. வீட்டுல சொன்னா, "சூடு"ம்பாங்க. வெந்தயம் முழுங்க வைப்பாங்க, தொப்புள்ல வெளக்கெண்ணெய் வைப்பாங்க, எளநி வாங்கித் தருவாங்க. மாசாமாசம் அந்த நாள்ல பாதிப் பெஞ்சு காலியா கெடக்கும். அதுக்கும் "சூடு"தான். சூடாம், சூடு! ஒரு ஊரு பொண்ணுங்களுக்கு மட்டும் எப்டிய்யா ஒட்டுமொத்தமா சூடு புடிக்கும்? ஒருத்தர்கூட யோசிக்கல.

சாயங்காலம் ஸ்கூல் வுட்டதும் எங்களுக்கு பிராக்டீஸ். அந்நேரம் எல்லாக் கதவும் பூட்டு. பி.டி. மிஸ் விசிலை வாயில வச்சிக்கினே, "தண்ணி குடிங்கடி, தண்ணி குடிச்சாத்தான் ஓட முடியும்"பாங்க. நல்லவங்கதான். நல்லவங்களா இருந்து இன்னா பிரயோஜனம்? "சாவி கேட்டுத் தாங்க மிஸ்"னா, ஆபீஸ் ரூம் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, "நான் டெம்பரரிமா, என்னை மாட்டி வுடாதீங்க"ம்பாங்க.

ஒரு நாள் ஏழாவது படிக்கிற ஒரு சின்னப் பொண்ணு, புதுசா டீம்ல சேந்தவ, கோட்டுல எனக்கு ரெண்டு பேரு தள்ளி ஒக்காந்திருந்தா. வெயிலுக்கு நல்லா தண்ணி குடிச்சிட்டா போல, பழக்கம் தெரியாதவ. குத்துக்கால் போட்டு ஒக்காந்து எவ்ளோ நேரம்தான் தாங்கும்? "கோ"ன்னு முதுகுல தட்டினாங்க. அவ எழுந்திரிக்கவே இல்ல. தலையக் குனிஞ்சிக்கினு அப்படியே ஒக்காந்திருக்கா. அவ கீழ மண்ணு கறுத்து ஈரமாவுது. வராண்டாவுல ஸ்பெஷல் கிளாஸ் பொண்ணுங்க வேடிக்கை பாத்துகினு நிக்குதுங்க. இன்னும் ஒரு நிமிஷத்துல ஸ்கூலு பூரா பரவிடும், அந்தப் புள்ள மறுநாள்ல இருந்து வராது.

கேப்டன் ஓடிக்கினு இருந்தவ பாத்துட்டா. நேரா கம்பத்தாண்ட வச்சிருந்த தண்ணிக் கொடத்தத் தூக்கினா. வந்து அந்தச் சின்னப் பொண்ணு தலையில கவுத்துட்டா. மிச்சத்த என் மேல ஊத்தினா. "ஓட மாட்றீங்களா? சோம்பேறிங்களா? வாங்கிக்கோங்க!"ன்னு கத்திக்கினே ஒவ்வொருத்தி பாட்டிலையும் புடுங்கி ஒவ்வொருத்தி மேலயும் ஊத்தறா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மொத்த டீமும் நனைஞ்சு, கோடெல்லாம் சேறு. வராண்டாவுல இருந்ததுங்க கை தட்டிச் சிரிச்சுதுங்க, நாங்க ஏதோ கூத்தடிக்கிறோம்னு. தண்ணிய வீணாக்கினதுக்குக் கேப்டனுக்கு மறுநாள் பிரேயர்ல முட்டி போட்டு நிக்கிற தண்டனை. ஏன் ஊத்துனேன்னு அவ வாயத் தொறக்கல. நாங்களும் தொறக்கல.

அன்னிக்குத்தான் டீமுக்கு ஒரு சட்டம் போட்டா. ஆட்டம் முடியற வரைக்கும் எவளும் தண்ணிய முழுங்கக் கூடாது. தாகம் எடுத்தா வாயில ஊத்தி, கொப்புளிச்சு, துப்பணும். "முழுங்கினத பாத்தேன், சாவடிச்சிடுவேன்." சின்னதுங்கள பக்கத்துல நிக்க வச்சு, துப்புற வரைக்கும் பாத்துகினே இருப்பா. மத்த டீம்ல வார்ம்-அப்பு பண்ணுவாங்க; நாங்க வரிசையா நின்னு சுவத்தாண்ட துப்பிக்கினு இருப்போம். எங்களுக்கு அதுதான் வார்ம்-அப்பு.

நடுவுல ஒரு தபா மேலிடத்துல இருந்து ஆளுங்க பாக்க வந்தாங்க. முந்தின நாளே தாப்பா போட்டாச்சு, பினாயில் ஊத்தியாச்சு, செவப்பு வாளி, பச்சை வாளி, சோப்பு டப்பா, தண்ணி லாரி கூட வந்துச்சு. பிரேயர்ல எங்களுக்கு ஒத்திகை: எது கேட்டாலும் "இருக்கு மேடம்". வந்தவங்க கேட்டாங்க, "எல்லா வசதியும் இருக்காம்மா?" நாங்க கோரஸா, "இருக்கு மேடம்!" பாட்டு கிளாஸ் இல்லாத கொறையே தெரியல. மறுநாள் வாளிங்களக் காணோம்.

சரி, மேட்சுக்கு வர்றேன். அந்த வருஷம் நாங்க சக்கைப் போடு போட்டோம். வட்டார மேட்சு, அதுக்கு மேல ஒண்ணு, எல்லாம் ஜெயிச்சு, டவுனுக்குள்ள இருக்கற ஒரு பெரிய ஸ்டேடியத்துல ஆட வேண்டிய எடத்துக்கு வந்துட்டோம். ஒரே நாள்ல வரிசையா மேட்சு. ஹாஸ்டலுக்கு ஆளு எடுக்கறவங்க சாமியானாவுல ஒக்காந்திருக்காங்கன்னு பி.டி. மிஸ் சொன்னாங்க. கேப்டன் அந்தப் பக்கமே பாக்கல. ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிக்கினு இருந்தா.

அந்த ஸ்டேடியத்துல பாத்ரூம் இருந்துச்சு பாருங்க! பளிங்கு கணக்கா. கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. கதவைப் புடிச்சிக்கினு நிக்க ஆளு வேணாம். நாங்க உள்ள போயி மூஞ்சி கழுவிக்கினோம், தலை சீவிக்கினோம், கண்ணாடி முன்னாடி நின்னு மிஸ் போன்ல போட்டோ எடுத்துக்கினோம். வெளிய பி.டி. மிஸ் கேன் தண்ணி வச்சிருந்தாங்க, எலுமிச்சம் பழம் உப்பு போட்டுக் கரைச்சு வேற வச்சிருந்தாங்க. பாத்ரூம் பத்தடி தூரத்துல தொறந்து கெடக்குது. குடிச்சா இன்னா, குடிச்சிருக்கலாம்ல? ஒருத்தி குடிக்கல. எல்லாரும் வரிசையா நின்னோம், வாயில ஊத்தினோம், கொப்புளிச்சோம், துப்பினோம். எலுமிச்சம் பழ ஜூஸையும் துப்பினோம். மிஸ் பாத்துட்டு, "ஏண்டி பைத்தியங்களா?"ன்னாங்க. எங்களுக்கு அது சட்டம். அஞ்சு வருஷமா தொண்டைக்குச் சொல்லிக் குடுத்தத ஒரு டைல்ஸைக் காட்டி மாத்திட முடியுமா?

ரெண்டு மேட்சு கேப்டன் பிச்சு உதறினா. சாமியானாவுல இருந்து ஒருத்தங்க எழுந்து கோடு வரைக்கும் வந்து நின்னு பாத்தாங்க. மூணாவது மேட்சு உச்சி வெயில்ல. எங்க பக்கம் ஓடுறதுக்கு இவ ஒருத்திதான் மிச்சம். கொஞ்ச நேரம் மாட்டாம நின்னா ஜெயிச்சுடுவோம். கம்பத்தாண்ட வந்தா, வழக்கம் போல தோளக் காட்டினா, திரும்பினா. கெண்டக்கால் இழுத்துக்கிச்சு. நின்ன எடத்துல அப்படியே மடங்கி உக்காந்தா. தொரத்துனவ மெதுவா நடந்து வந்து முதுகத் தொட்டுட்டுப் போனா. இவ எழுந்திரிக்கப் பாத்தா, முடியல. கண்ணு மேல சொருகுது, ஒதடு வெள்ளையா வெடிச்சுப் போய் கெடக்குது. வேர்வையே இல்ல. அந்த வெயில்ல ஓடுனவ ஒடம்புல ஒரு சொட்டு வேர்வை இல்ல.

பெரியாஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. சின்ன வயசு டாக்டரு. "காலையில இருந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"ன்னாரு. "பாதி டம்ளர் காப்பி"ன்னா. அதுக்குள்ள அவ அம்மா வேலைய வுட்டுட்டு, எறா வாசனையோட, மூச்சிரைக்க ஓடியாந்தாங்க. டாக்டர் அவங்களப் புடிச்சிக்கினாரு: "ஏம்மா, பொண்ணுக்குத் தண்ணிகூட குடுக்க மாட்டீங்களா? கிட்னி போயிடும், தெரியுமா?" அந்த அம்மா ஒண்ணும் புரியாம பொண்ணப் பாக்கறாங்க. நான்தான் வெளிய கூட்டினு போயி எல்லாத்தையும் சொன்னேன். பூட்டு, சாவி, கொப்புளிக்கிறது, எல்லாம். அவங்க கேட்டுக்கினே இருந்துட்டு, முந்தானைய இழுத்துச் சொருகினாங்க.

மறுநாள் ஸ்கூலு கேட்டுக்கு வந்து நின்னாங்க. ஆபீஸ் ரூமுக்குள்ள போன சத்தம் எங்க கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு.

"இன்னாமா இது, நாயமா? டாக்டரு என்னாண்ட கேக்குறாரு, பொண்ணுக்குத் தண்ணி குடுக்க மாட்டியான்னு! லாரி வந்தா கொடத்தத் தூக்கினு ஓடி, நாலு பேரு கூட மல்லுக்கு நின்னு, புடிச்சி, காய்ச்சி, பாட்லுல ஊத்தி அனுப்புறேன்மா நானு. குடிச்சா போறதுக்கு எடம் வுட்டியா நீ?"

"முதல்ல மரியாதையாப் பேசக் கத்துக்குங்க. இது ஸ்கூல்"னாங்க ஹெச்.எம்.

"மரியாதயா? எம் பொண்ணு மண்ணுல வுயுந்து கெடந்தப்ப உன் மரியாத எங்க போய்கினு இருந்துச்சு? நீ ஒரு நாளு அடக்கிக்கினு ஒக்காரு பாக்கலாம். இந்தச் சேர்லயே ஒக்காரு, நானும் எதுருல ஒக்காரேன்!"

எங்க கிளாஸ்ல ஒருத்தி "அய்யோ"ன்னா. மத்தவங்க பெஞ்சத் தட்டினோம். மிஸ் டஸ்டரால மேசையில அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க, நிக்கல. ஆனா அதுக்கு அப்புறம் நடந்தத பாருங்க. தப்பு எங்கன்னு தெரிஞ்சிடுச்சுல்ல, சாவியத் தருவாங்கன்னு நெனச்சோம். பிரேயர்ல ஹெச்.எம். அறிவிச்சாங்க: "மாணவிகளின் ஆரோக்கியம் கருதி, இனிமே கோ-கோ பயிற்சி கிடையாது." மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்தின கதை. அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு கம்பத்தையும் புடுங்கி, பாத்ரூம் சுவத்துல சாத்தி வச்சிட்டாங்க. கேப்டன் அதப் பாத்துகினே நின்னா. "அக்கா கம்பெனியில ஆளு கேக்குறாங்களாம்டி"ன்னா. அழல. அழுதிருந்தா எனக்கு கொஞ்சம் தேவலாமா இருந்திருக்கும்.

கொஞ்ச நாள்ல பி.டி. மிஸ்ஸுக்கு ஒரு போன். சாமியானாவுல இருந்து எழுந்து வந்து பாத்தாங்களே, அந்த கோச். "விழுந்துச்சே ஒரு பொண்ணு, அது முன்னாடி ஆடுன ரெண்டு மேட்ச நான் பாத்தேன். இன்னொரு தபா ஓடிப் பாக்கணும், உங்க ஸ்கூலுக்கே வர்றேன்"னு சொல்லியிருக்காங்க. ஹெச்.எம்.முக்குத் தலை கால் புரியல. புடுங்கின கம்பம் திரும்ப முளைச்சிடுச்சு. கோலம், பிளாஸ்டிக் சேரு, பிஸ்கட்டு. எங்களுக்குப் பழைய ஒத்திகை: "மேடம் என்ன கேட்டாலும் இருக்குன்னு சொல்லணும்."

காலையில வர்றேன்னவங்க லாரி நெரிசல்ல மாட்டி, மத்தியான பெல்லுக்கு அப்புறம்தான் வந்தாங்க. கிராப்பு வெட்டின தலை, டிராக் பேண்ட்டு, கழுத்துல விசிலு. அன்னிக்குக் காலையில கேப்டன் அம்மா, டாக்டர் சொன்னாருன்னு, ஒரு சொம்புத் தண்ணிய எதிர்ல நின்னு குடிக்க வச்சு, கையில ரெண்டு பாட்டில் குடுத்து, "காலி பாட்டிலோடதான் வூட்டுக்கு வரணும்"னு சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாங்க. அவ சத்தியத்தக் காப்பாத்திட்டா. கோச் வந்து ஒக்காந்தப்போ இவ கால மாத்தி மாத்தி நின்னுகினு இருக்கா. பாத்ரூம் பூட்டு. ஆயா டீ வாங்கப் போயிருக்காங்க. நான் ஓடிப்போயி பி.டி. மிஸ்கிட்ட கேட்டேன். மிஸ் ஹெச்.எம். பக்கம் பாத்தாங்க, ஹெச்.எம். கோச் கூட சிரிச்சுப் பேசிக்கினு இருந்தாங்க. "இப்பப் போய் எப்டிடி கேக்குறது? ஓடிட்டு வந்துடச் சொல்லு"ன்னாங்க.

கோட்டுல ஒக்காந்தோம். கேப்டன் எங்கள ஒரு சுத்து சுத்தி வந்து, "எனக்கோசரம் எவளாச்சும் மெதுவா வந்தீங்க, செருப்பு பிஞ்சுடும்"னா. நாங்க வுட்டுக் குடுக்கல. உசுரக் குடுத்துத் தொரத்தினோம். எல்லாருக்கும் தெரியும், அவ எப்படி ஓடிக்கினு இருக்கான்னு. பல்லக் கடிச்சிக்கினு, ஒடம்ப இறுக்கிக்கினு, எங்க நடுவுல பூந்து பூந்து போறா. ஒருத்தி கை கூட அவ மேல படல. கோச் விசில் ஊதுற வரைக்கும் படல.

கோச் எழுந்து வந்து தட்டிக் குடுத்தாங்க. "நீ வந்துடு. சாப்பாடு, துணி, ஷூ எல்லாம் அங்க தருவாங்க. படிப்பும் அங்கயே. நான் சொல்லிக்கறேன். உனக்கு எதாச்சும் கேக்கணுமா?"

இவ தலையக் குனிஞ்சிக்கினு நிக்கிறா.

"கேளும்மா. தேங்க்ஸ் சொல்லு"ன்னாங்க ஹெச்.எம்.

"மேடம், அங்க பாத்ரூம பூட்டி வெப்பாங்களா?"

ஹெச்.எம். சிரிச்சாங்க. "சின்னப் பொண்ணு, என்னமோ உளர்றா"ன்னாங்க. வேற யாரும் சிரிக்கல. கோச் இவ காலப் பாத்தாங்க. ஒரு காலு மேல ஒரு காலப் பின்னிக்கினு நின்னுகினு இருந்தா.

"பூட்ட மாட்டாங்க. உள்ள தாப்பா இருக்கும். நீயே போட்டுக்கலாம், நீயே தொறக்கலாம்."

"அப்ப வர்றேன் மேடம்."

கோச் ஹெச்.எம். பக்கம் திரும்பிக் கைய நீட்டினாங்க, சாவிக்கு. ஹெச்.எம். ஆபீஸ் ரூமுக்குப் போயி ஆணியில இருந்த டீச்சருங்க பாத்ரூம் சாவிய எடுத்துகினு வந்து குடுத்தாங்க. கேப்டன் அத வாங்கிக்கினு நடந்து போனா. ஓட முடியல அவளால. நாங்க மிச்சம் பேரு எழுந்து அவ பின்னாடி போனோம். அத்தினி பேரும் போயிட்டு வந்த பொறவு ஹெச்.எம். சாவிய வாங்கி, பழையபடி ஆணியில மாட்டிட்டாங்க.

பரீட்சை முடிஞ்சதும் அவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா. நான் அதே ஸ்கூல்ல பதினொண்ணாவது சேந்தேன். போன கொஞ்ச நாள்ல எங்கம்மா நம்பருக்குக் கூப்புட்டா. சாப்பாடு எப்டி, பசங்க எப்டி, ஷூ குடுத்தாங்களான்னு நான் கேட்டுகினே போறேன். அவ அதெல்லாம் காதுலயே வாங்கல. "ஏய், இன்னிக்கு நெனச்சப்பல்லாம் போனேன்டி. எவளும் இன்னான்னு கூட கேக்கல"ன்னுட்டு சிரிக்கிறா. மாநிலத்துக்கே கப்பு வாங்கினவ மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. என்னால அந்தச் சிரிப்பக் கேக்க முடியல. ஒண்ணுக்குப் போனதுக்காடி இவ்ளோ சந்தோஷம், இதுக்கு உன்ன சிரிக்க வச்சவங்க நல்லா இருப்பாங்களான்னு வயிறு எரிஞ்சுது. அம்மா கூப்புடுதுன்னு பொய் சொல்லிட்டு வச்சிட்டேன். மறுநாள் காலையில எங்கம்மா நீட்டுன காப்பியில பாதிய அங்கணத்துல கொட்டிட்டு, ஸ்கூலுக்குக் கெளம்பினேன்.